‘எங்கை’ என்று கேட்காத உத்தியோகம்

விரும்பிய வேலையைப் பிடிப்பது எப்படி என்று யூடியூப்பில் பாடம் எடுப்பவர்கள் யாரும் என் அம்மாவின் வயிற்றில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், ‘நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் வீட்டாருடன் மனம்விட்டுப் பேசுங்கள்’ என்ற அறிவுரையை ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

அம்மா கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர். மல்லாகத்தில் எங்கள் வீட்டு வாசல் கேற்றடியால் மீன்காரர் போனால் மறித்து, என்ன மீன், எந்தக் கடல், ஏன் இன்றைக்குப் பிந்தியது, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்றெல்லாம் விசாரிப்பார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், “எங்களுக்கு இண்டைக்கு விரதம்” என்று அனுப்பிவிடுவார். அந்த மனிதர் எங்கள் கேற்றைக் கடக்கும்போது மட்டும் சைக்கிளை வேகமாக மிதிப்பார்.

அப்படிப்பட்ட அம்மாவும் ஒரேயொரு கேள்வியைக் கேட்கமாட்டார். வெளிக்கிட்டு நிற்பவரைப் பார்த்து “எங்கை போறாய்?” என்று அவர் வாயால் வராது. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அறிந்தே ஆகவேண்டும் என்றால் “தூரமோ?” என்பார்கள். மனமிருந்தால் விபரம் சொல்லலாம். இல்லாவிட்டால், பக்கத்தில்தான் என்பதுபோல், “உதிலைதான்” என்று கையைக் காட்டிவிட்டு நடையைக் கட்டலாம். விஷயம் தெரியாத யாராவது “எங்கை” என்று கேட்டுவிட்டால், அம்மா திரும்பி வீட்டுக்குள் வந்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாக வெளிக்கிடுவார். கேட்டவரைப் பற்றி அன்று மாலைவரை பேச்சு இருக்கும்.

இந்த வழக்கம் மட்டும் இல்லையென்றால் எனக்கு வேலையே கிடைத்திருக்காது. கிடைக்காமல் போகப் பார்த்ததும் இதனால்தான்.

பல்கலைக்கழகத்தை முடித்த கையோடு அம்மா என்னை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார். அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சைக்கான வகுப்பு. பரீட்சை எப்போது வரும் என்று வகுப்பெடுத்தவருக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது. என்னோடு படித்தவர்களில் சிலர் அங்கேயே காதலித்து, கலியாணமும் கட்டி, பிறகும் வந்து முன்வாங்கில் இருந்தார்கள்.

எனக்கோ காங்கேசன்துறைத் துறைமுகத்தில்தான் கண். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தப் பக்கம் இராணுவத்தினர் போகவிடமாட்டார்கள். பஸ் பாதிவழியில் திரும்பிவிடும். உப்புக்காற்று எங்கள் முற்றம்வரை வரும், நாங்கள் கடல்வரை போகமுடியாது. பிறகு ஒருகாலம் பாதை திறந்தது. இந்தியாவுக்குக் கப்பலும் விட்டார்கள். பயணப்பைகளுடன் சனம் வரிசையில் நிற்பதை முதன்முதலாகப் பார்த்த அன்றே எனக்கு ஆசை பிடித்துவிட்டது. கப்பலில் ஏறவேண்டும் என்றுகூட இல்லை. அந்த வாசலில், போகிறவர்களை வழியனுப்பி, வருகிறவர்களை வரவேற்கிற இடத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் சோறு சாப்பிடும்போது மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தேன்.

“காத்தடிச்சால் கப்பல் நிண்டுபோம்,” என்றார் அம்மா. “அரசாங்கம் நிக்குமே?”

அரசாங்கமும் நின்றுபோனதைக் கண்ணால் கண்ட தலைமுறை நாங்கள். ஆனாலும் அம்மாவிடம் அதைச் சொல்கிற துணிவு எனக்கு இல்லை. ஆகவே, கப்பல் அலுவலகத்தில் பயணிகளைப் பதிகிற வேலைக்கு ஆள் தேவை என்று பேஸ்புக்கில் கண்டதும், ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கிடைக்காவிட்டால் முன்வாங்கு எனக்காகக் காத்திருந்தது.

அன்று காலை நல்ல சல்வார் போட்டு, வெளிக்கிட்டு முற்றத்துக்கு வந்தேன். தும்புத்தடியும் கையுமாக நின்ற அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வாய் திறந்தது.

“தூரமோ?”

“உதிலைதான் அம்மா.”

வகுப்புக்குப் போகிற பஸ் எங்கள் கேற்றுப் பக்கமாகவே நிற்கும். காங்கேசன்துறை பஸ்ஸுக்கு றோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். அம்மா கூட்டுவதற்காகக் குனிந்த நேரம் பார்த்துக் கடந்து, அங்கிருந்த வேப்பமரத்துக்குப் பின்னால் பஸ் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் பக்கத்து மேலாளர் அம்மா. மற்றவர் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அதிகாரி. படித்தது, கணினி, ஆங்கிலம் எல்லாம் கேட்டார்கள். யூடியூப்பில் சொல்லித் தந்தபடி முதுகை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன். பிறகு அதிகாரி, “ஒரு பயணி வர்றாங்கன்னு வச்சுக்குங்க. எங்க போறாங்க, எங்க தங்குறாங்கன்னு கேட்டுப் பதியணும். செஞ்சு காட்டுங்க,” என்றார்.

மேலாளர் அம்மா எழும்பி, கைப்பையைத் தோளில் போட்டு, வெளியே போய், கதவைத் தள்ளிக்கொண்டு பயணியாக உள்ளே வந்தார்.

“வணக்கம் அம்மா, எங்...”

அதற்குமேல் வரவில்லை. என் முன்னால் ஒரு மனுசி பையும் கையுமாக வெளிக்கிட்டு நிற்கிறார். அவரிடம் எப்படிக் கேட்பது? பொய்யான பயணம் என்று மூளைக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியவில்லை. அது அம்மா வளர்த்த நாக்கு.

“தூரமோ?” என்று கேட்டுவிட்டேன்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

“என்னம்மா இது? கப்பல் ஏற வர்றவங்க பக்கத்துத் தெருவுக்கா போவாங்க?”

முடிந்தது என்று நினைத்தேன். முன்வாங்கு கண்ணுக்குள் வந்து போனது. அழுகைகூட வந்தது, ஆனால் முதுகை நிமிர்த்தியிருந்ததால் உள்ளேயே நின்றுவிட்டது.

மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. பையை மாற்றிப் பிடித்தார். “ஓம் பிள்ளை, கனதூரம். சிதம்பரத்துக்கு,” என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. “ஆரிட்டை நிப்பியள் அம்மா?”

“கோயிலுக்குக் கிட்ட ஒரு மடம் இருக்கு. அதிலைதான்.”

“துணைக்கு ஆரும் வருகினமோ?”

“தங்கச்சி வாறாள். அவளுக்கு முழங்கால் ஏலாது.”

“அப்ப படி ஏறக் கைபிடிக்க ஆள் விடுறம். நீங்கள் யோசிக்காதையுங்கோ.”

அவர் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, “சேர், போன கிழமை வரிசை ஏன் அசையேல்லை எண்டு கேட்டனீங்கள் எல்லே? எங்கடை பெடியன் எல்லாரையும் ‘எங்கை போறியள், எங்கை போறியள்’ எண்டு கேட்டவன். முன்னுக்கு நிண்ட ஒரு அம்மா திரும்பிப் போய்க் கதிரையிலை இருந்து தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் வந்தவ. அவவைப் பார்த்துப் பின்னுக்கு நிண்டவையும் போய் இருந்திட்டினம்,” என்றார்.

அதிகாரி வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

“எங்கம்மாவும் இதே கேஸ்தான் மேடம். நான் இங்க கிளம்பி வர்றப்ப எதிர்வீட்டுக்காரர் கேட்டுட்டாரு. உடனே உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வச்சுட்டாங்க. பஸ் போயிருச்சு.”

விடைபெறும்போது, ‘போகிறேன்’ என்று சொல்லாத எங்கள் வழக்கப்படி “போட்டு வாறன்” என்றேன். “வாங்க, வாங்க” என்றார் அதிகாரி. அந்த ‘வாங்க’ மரியாதைக்குச் சொன்னதா, வேலைக்கு வரச்சொன்னதா என்று வழி நெடுக யோசித்து, இறங்கவேண்டிய சந்தியைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பிடத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தேன்.

போகும்போதுதான் கேட்கக்கூடாது, திரும்பி வந்தவரைத் தாராளமாகக் கேட்கலாம். ஆகவே நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அம்மாவோ என் வேர்த்த முகத்தைப் பார்த்து, “சோறு போடட்டே?” என்றார். அதோடு விட்டுவிட்டார். அன்றைக்கு டிவி நாடகத்தில் ஏதோ முக்கியமான கட்டம் போல என்று எண்ணி, என் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை முழுவதும் போன் என் கையிலும், என் உயிர் போனிலும் இருந்தது. அழைப்பு வந்தபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “அம்மா, எனக்குக் கப்பல் கந்தோரிலை வேலை கிடைச்சிட்டுது!” என்று கத்திவிட்டு, கத்தியபின்தான் பயந்தேன்.

“நல்லது,” என்றார் அம்மா. துருவுவதை நிறுத்தவில்லை. “அண்டைக்குப் போனது அதுக்குத்தானே?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வகுப்புக்குப் போற பிள்ளை எதிர்ப்பக்கம் என்னத்துக்கு நிக்குது? அதுவும் வேம்புக்குப் பின்னாலை. உன்ரை அகலத்தை மறைக்க உந்த மரம் காணுமே?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் போற காரியம் சரிவராதெல்லே.”

“வந்தாப் பிறகு கேட்டிருக்கலாமே அம்மா?”

“நீ வந்திட்டாய். காரியம் வரேல்லையே.”

அம்மா அந்த வேலையை விரும்பவில்லை. அதைக் கெடுக்க அவருக்கு ஒரேயொரு சொல் போதும் என்று மனதார நம்பியவர். அந்தச் சொல் அன்று காலை நாக்கு நுனியில் இருந்தது. மீன்காரரைக்கூடச் சும்மா போகவிடாத அந்த மனுசி, ஒரு கிழமைக்கு மேல் அதை விழுங்கிக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறார். அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

“தள்ளி நில், கையெல்லாம் தேங்காய்,” என்றவர், அதே மூச்சில் தொடங்கினார். “சம்பளம் எவ்வளவு? மத்தியானம் சாப்பாடு தருவினமோ? மேலதிகாரி ஆர், எவடத்து ஆள்? காத்தடிச்சுக் கப்பல் நிண்டாலும் காசு தருவினமோ? வீட்டாக்களைக் குறைஞ்ச விலையிலை ஏத்துவினமோ? சிதம்பரம் போக எனக்குப் பாஸ்போட் எடுக்க வேணுமோ?” நான் ஒன்றுக்கு வாய் திறக்குமுன் அடுத்தது வந்து விழுந்தது. இரவுச் சாப்பாட்டுவரை ஓயவில்லை.

முதல்நாள் வேலைக்குப் போகையில், அன்றைய நினைப்பில் கால்கள் என்னைக் கொண்டுபோய் வேம்புக்குப் பின்னாலேயே விட்டன. றோட்டுக்கு அங்கால் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவின் குரல் சந்திவரை கேட்டது.

“பிள்ளை, முன்னுக்கு வந்து நில்! உதுக்குள்ளை நிண்டால் பஸ்காரனுக்குத் தெரியாது!”