n + 1-ஐ நிரூபித்த சனிக்கிழமை

பிளஸ் டூ வகுப்புக்கு இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். நான் விடைத்தாள் திருத்தும் விதத்துக்குப் பள்ளியில் ஒரு பெயர் உண்டு. அது நல்ல பெயர் இல்லை. நிரூபிக்க வேண்டிய இடத்தில் யாராவது 'தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிவைத்தால், 'எனக்குத் தெரியவில்லையே' என்று ஓரத்தில் சிவப்பில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைப்பேன். இதில் எனக்கு வருத்தமே கிடையாது.

இப்படிப்பட்ட நான் போன வருடம் கீழ்க்கட்டளையில் ஒரு படிப்புக் குழுவில் சேர்ந்தேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் அறையில் சனிக்கிழமை காலைகளில் எட்டுப் பேர் கூடிக்கொண்டிருந்தார்கள். கணக்கு நிரூபணங்களையே கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதுகிற ஒரு மொழியில் பயிற்சிகள் போடுவது அவர்கள் வேலை. எழுதியது சரியென்றால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் அந்த வரியைச் சிவப்பாக்கும். தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருத்துகிற ஜென்மம் என்னைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எட்டுப் பேரும் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள். பள்ளிக்கரணையிலிருந்து பைக்கில் வரும் தாடிக்காரர் ஒருவர்தான் குழுவை நடத்தினார். முதல் நாளே, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஸ்கூல் மேத்ஸ் இல்ல, கோடிங் டச் இல்லாம கஷ்டம். ரெண்டு வாரம் வந்து பாருங்க, செட் ஆகலன்னா விட்டுடலாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிந்தது. நானும் இவர்களில் ஒருத்திதான் என்று காட்டாமல் விடுவதில்லை என்று தாம்பரம் திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

பயிற்சி போடும் முறை எனக்குப் பிடித்துப்போயிற்று. தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டு மேலே போகலாம். அங்கே என்ன வேண்டும், கையில் என்னென்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லும். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கேள்விக்குறிகளை நிரப்பியிருக்கிறேன். இரண்டு வாரம் ஐந்து வாரமானது.

பயிற்சிப் புத்தகத்தின் ஆறாம் அத்தியாயத்தில்தான் மாட்டினேன். ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த மொழியில் பட்டியலின் நீளத்தையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். ஐந்து பொருள் உள்ளதைத் திருப்பினால் ஐந்து பொருள் உள்ளதுதான் வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் விடாது. நான் முதல் பொருளைத் தனியே எடுத்து, மிச்சத்தைத் திருப்பி, எடுத்ததைக் கடைசியில் ஒட்டினேன். சிவப்பு. மிச்சத்தின் நீளம் n என்றால், நான் கொடுத்ததன் நீளம் n + 1, அதற்கு வேண்டியது 1 + n. இரண்டும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரியாதாம். நிரூபிக்க வேண்டுமாம்.

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே!" என்று சமையலறையில் சத்தமாகவே சொன்னேன். பரிமாற்றுப் பண்பு என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம், ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சரி, முரண்பாட்டு முறையில் மடக்கலாம் என்று இறங்கினேன். இரண்டும் சமமில்லை என்று வைத்துக்கொள், எங்கேயாவது இடிக்கும், ஆகவே சமம். என் பிரியமான ஆயுதம் அது. கம்ப்யூட்டர் அசரவில்லை. சமமில்லை என்பது தப்பு என்று காட்டினால் போதாது, சமம் என்பதற்கான ஆதாரத்தையே கையில் கொடு என்பது இந்தத் தர்க்கத்தின் சட்டம்.

கோபம் தலைக்கேறியது. நிரூபிக்காமலே ஒன்றை உண்மையென்று வைத்துக்கொள்ள அந்த மொழியில் ஒரு சொல் உண்டு. அதைப் போட்டு n + 1 விவகாரத்தை மூடினேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சிவப்பு மறைந்தது, மிச்சப் பயிற்சிகள் மளமளவென்று முடிந்தன, அந்த அப்புறம் வரவே இல்லை. 'ஆறாம் அத்தியாயம் முடிந்தது' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

முடித்தவர் தன் ஃபைலை அறையிலுள்ள டிவியில் போட்டுக் காட்டுவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை நானும் போட்டேன். தாடிக்காரர் அதைக் கண்டிப்பான முறை ஒன்றில் ஓட்டினார். அப்படி ஒரு முறை இருப்பதே எனக்குத் தெரியாது. சும்மா வைத்துக்கொண்ட எதையும் அது ஒத்துக்கொள்ளாது. டிவியில் ஒரே ஒரு வரி சிவப்பானது.

"மேடம், இதை ப்ரூஃப் இல்லாம அப்படியே வெச்சுட்டீங்களே" என்றார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு நானே 'தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதி, முடித்துவிட்டேன் என்று அறிவித்தும் இருக்கிறேன். பக்கத்திலிருந்த பெண் உதவிக்கு வந்தாள். "பரவால்ல மேடம், லைப்ரரில ரெடியா இருக்கு. ஒரு லைன் இம்போர்ட் பண்ணா முடிஞ்சிது." யாரோ நிரூபித்து வைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அதற்குச் சரியென்றிருந்தால், அன்றோடு அந்த அறையில் நான் விருந்தாளிதான்.

"வேணாம்மா. சார், அந்த கீபோர்டை இப்படிக் குடுங்க" என்றேன்.

ஏமாற்றுச் சொல்லை அழித்து அங்கே கேள்விக்குறி வைத்தேன். n-ஐ இரண்டாகப் பிரித்தேன்: ஒன்று அது பூஜ்ஜியம், அல்லது k என்ற ஓர் எண்ணுக்கு அடுத்தது. பூஜ்ஜியத்துக்குக் கம்ப்யூட்டர் தானே ஒத்துக்கொண்டது. அடுத்ததற்கு என்ன கேட்கிறது என்று பார்த்தேன். k-க்கு உண்மையென்றால் போதும், இரு பக்கமும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். அட, கணிதத் தொகுத்தறிதல்! வருடா வருடம் நான் நடத்துகிற பாடம். 'k-க்கு உண்மை எனக் கொள்க' என்று எழுதும்போதெல்லாம், நிரூபிக்க வேண்டியதையே வைத்துக்கொள்கிறாரே என்று பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இங்கே அந்த வரியை எழுதினால், நிரூபணம் தன்னையே ஒரு படி கீழே கூப்பிடுகிறது. அது இன்னும் ஒரு படி கீழே, கடைசியில் பூஜ்ஜியம். எங்கேயும் எதையும் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடம் சொல்லித்தந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மொத்தம் இரண்டே வரி. "இப்ப ஓட்டுங்க சார்" என்றேன். ஓட்டினார். சிவப்பு இல்லை. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல வெட்கமில்லை. என் மாணவன் மாநில அளவில் முதல் மார்க் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது.

யாரும் கை தட்டவில்லை. அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "மேடம், நான் அதை லைப்ரரிலேர்ந்து எடுத்துப் போட்டுட்டேன். ஏன் ஒர்க் ஆகுதுன்னு யோசிக்கவே இல்ல." பின்னாலிருந்து இரண்டு பேர், "நானும்தான்" என்றார்கள். தாடிக்காரர் அந்த இரண்டு வரியையும் டிவியில் பெரிதாக்கினார்.

"மேடம், அந்த k ஸ்டெப்பை போர்டுல ஒரு தடவை போடுறீங்களா? உண்மையைச் சொன்னா, நானும் அதை காப்பிதான் பண்ணிக்கினு இருந்தேன்" என்றார்.

எழுந்துபோய் மார்க்கரை எடுத்தேன். "நடுவுல சந்தேகம் வந்தா உடனே கேக்கணும். புரிஞ்ச மாதிரி தலையாட்டக் கூடாது" என்றேன்.

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.