வீரபாகுவுக்காக ஒரு கோல்ஃப் கணக்கு

போன திங்கட்கிழமை காலை. மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறக்கவே இல்லை. பத்து நிமிஷம்!

போனில் இருந்தது ஒரு கோல்ஃப் போட்டியின் முடிவு.

சிரிக்காதீர்கள். ஒரு ஓவருக்கு எத்தனை பந்து என்று இன்னமும் கேட்கிற ஆள் நான் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?

லீவு!

நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட். தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரமும் வேலை தலைக்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் லீவு. ஏழு பேர் இருக்கிறோம். யாருக்கு எந்த நாள் என்று வருஷா வருஷம் குடுமிப்பிடி சண்டை. எங்கள் மேனேஜர் கொரியாக்காரர். கோல்ஃப் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தார் – கோல்ஃப் பூல். பணப் பந்தயம் கிடையாது. புள்ளியில் முதலில் வருகிறவர் லீவு சார்ட்டில் முதல் ஆளாகத் தேதி எழுதலாம். கடைசியில் வருகிறவருக்கு மிச்சம் மீதி.

மூன்று வருஷமும் மிச்சம் மீதி வாங்கியது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

எனக்கு வேண்டியது தீபாவளி இல்லை. அதற்கு அப்புறம் வரும் சூரசம்ஹாரம். எங்கள் நெசவுக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு ஒன்பது ஆண்கள் முருகனின் படைவீரர்களாக வேஷம் கட்டி, சூரனோடு போருக்குப் போவார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். மற்ற நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தால் தலை நிமிராத மனுஷன், அன்றைக்குக் கிரீடமும் வாளுமாக நடந்து வரும்போது யாரோ போல இருப்பார். நான் மூன்று வருஷமாக அதைக் கேன்டீனில் நின்றுகொண்டு, நாத்தனார் அனுப்பும் வீடியோவில்தான் பார்க்கிறேன்.

இந்தத் தை மாதத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“இந்த வாட்டி வீரபாகு வேஷம் எனக்குக் குடுத்துக்கிறாங்கமா.”

வீரபாகு முருகனின் தளபதி. ஒன்பது பேருக்கும் தலைவர்.

“நீ கச்சை கட்டிவுட்டா நல்லா இருக்கும். லீவு போடுன்னு சொல்லல... சும்மா சொன்னேன்.”

சும்மா சொன்னாராம்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் என் மேலேயேதான். அந்தத் தட்டைக் கழுவி வைக்கிறதுக்குள் முடிவு செய்துவிட்டேன். இந்த வருஷம் சார்ட்டில் முதல் பெயர் என்னுடையது.

பூலின் விதி எளிது. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் எந்த இடத்தில் வருகிறாரோ அதற்கேற்ற புள்ளி நமக்கு. ஆனால் ஒரு தடவை எடுத்தவரை அந்த வருஷம் மறுபடி எடுக்க முடியாது. நாலு பெரிய போட்டிகளுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி.

இவ்வளவு உறுதியோடு கிளம்பியவள் முதல் வாரம் என்ன செய்தேன் தெரியுமா? பூக்கட்டிப் பார்த்தேன்!

எங்கள் வீட்டில் எதற்குமே இதுதான். பெண் கொடுப்பதா வேண்டாமா என்றாலும் சரி, தறியில் புதுப் பாவு எப்போது ஏற்றுவது என்றாலும் சரி... வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளைக்கு ஒரு கோல்ஃப் வீரர், சிவப்புக்கு ஒருவர் என்று மனதில் வைத்துக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் போட்டேன். சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பு வீரர் முதுகு வலி என்று முந்தின நாளே போட்டியிலிருந்து விலகியிருந்தார். நான் அதைப் பார்க்கவே இல்லை. பூஜ்யம்!

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “முருகரு இன்னா பண்ணுவாரு? அவருக்கு வேலு தெரியும். குச்சி வெச்சிக்கினு பந்து அடிக்கிறவனையெல்லாமா தெரியும்?”

ரோஷம் வந்துவிட்டது. பதினோரு வருஷம் பர்ச்சேஸில் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு சப்ளையருக்கு ஆர்டர் போடுமுன் என்ன பார்ப்பேன்? போர்டில் இருக்கும் பெரிய பெயரையா? கடைசி நாலு மாசம் ஒழுங்காகச் சரக்கு அனுப்பினானா, நமக்கு வேண்டிய பொருளில் கை தேர்ந்தவனா என்றுதானே? அதையே இங்கேயும் செய்தேன். கடைசி ஐந்தாறு போட்டிகளில் ஆள் எப்படி ஆடினார், இதே மைதானத்தில் முன்பு என்ன செய்தார், இந்த வாரம் உண்மையிலேயே ஆடுகிறாரா – இதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டில் ஏறியது. இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்களை எடுத்தவருக்குப் புள்ளியே கிடையாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஒரு வாரம் ஓகோ, மறுவாரம் ஊருக்கு பஸ் என்று ஆடுகிறவர்களை நோட்டில் கோடு போட்டு அடித்தேன்.

அப்படியும் மாசி மாதம் சின்னப் போட்டி ஒன்றுக்கு உலகின் நம்பர் ஒன்னையே எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. தறியிலிருந்து குரல் வந்தது.

“உடம்பு முழுக்க புட்டாவா போட்டுட்டு, முந்திக்கு ஜரிகை இல்லன்னா எவன்மா அந்தப் பொடவைய வாங்குவான்?”

கோல்ஃபைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனுஷன் சொன்னது! நம்பர் ஒன்னைக் கடைசிப் பெரிய போட்டிக்கென்று பத்திரமாக எடுத்து வைத்தேன். சின்னப் போட்டிகளுக்கு நடுத்தர ஆட்கள். ஏழாவது இடத்திலிருந்து ஐந்து, நான்கு... ஆனி மாதம் இரண்டாம் இடம்!

முதலிடத்தில் சதீஷ். ஏனாத்தூரில் பஸ் ஏறுகிறவன், கெட்டிக்காரன். என்னைவிடப் பன்னிரண்டு புள்ளி அதிகம். பாக்கி இருந்தது ஒரே ஒரு போட்டி, அந்தக் கடைசிப் பெரிய போட்டி. இந்த வருஷம் சூரசம்ஹாரம் திங்கட்கிழமை வருகிறதா... ஞாயிறோடு சேர்த்து கோவா போகிற திட்டம் அவனுக்கு. அவன் கண்ணும் என் தேதி மேலேதான்.

பஸ்ஸில் ஒரு நாள் பின்னால் திரும்பி, தானாகவே சொன்னான். “நம்பர் ஒன்ன நான் இன்னும் தொடவே இல்லக்கா. கடைசி மேட்ச்சுக்குன்னே வெச்சிக்கினு இருக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததும் அதே ஆளைத்தானே! இரண்டு பேரும் அவரையே எடுத்தால்? அவர் ஜெயித்தாலும் தோற்றாலும் இருவருக்கும் ஒரே புள்ளி. பன்னிரண்டு அப்படியே நிற்கும். சதீஷ் கோவாவுக்கு, நான் கேன்டீனுக்கு.

முன்னால் இருப்பவன் எடுக்கிறதையே பின்னால் இருப்பவளும் எடுத்தால் எந்தக் காலத்தில் முந்துவது? இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் மூன்று நாள் மனசு கேட்கவில்லை. ஆறு மாசமாகச் சேர்த்து வைத்ததைத் தொடாமல் விடுவதா?

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஜரிகை மிச்சமானா ஆவட்டும்மா. பக்கத்துத் தறியில ஓடுற அதே டிசைனை நாம போட்டு இன்னாத்துக்கு?”

நோட்டைத் திறந்தேன். கடைசிப் போட்டி கடலோர மைதானம். காற்று பேயாட்டம் ஆடுமாம். அப்படிப்பட்ட மைதானங்களில் நாலு வருஷமாக முதல் பத்துக்குள் வந்துகொண்டே இருந்த ஒருவர் என் நோட்டில் இருந்தார். பெரிய பெயர் கிடையாது. மற்ற ஆறு பேரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பெயரை அனுப்பிவிட்டு, மனசு மாறுவதற்குள் போனைப் பீரோவில் வைத்தேன்.

இப்போது தெரிகிறதா, திங்கட்கிழமை ஏன் போனைத் திறக்கவில்லை என்று?

வாலாஜாபாத் வருவதற்குள் திறந்தேன். நம்பர் ஒன், ஒன்பதாம் இடம். என் ஆள்... மூன்றாம் இடம்! இரட்டைப் புள்ளியில் சதீஷின் பன்னிரண்டைத் தாண்டிவிட்டேன்! நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். சதீஷ் திரும்பிப் பார்த்த பார்வை பாவமாகத்தான் இருந்தது.

“அக்கா, ஹோட்டல் புக் பண்ணிட்டேன்கா...”

மூன்று வருஷம் கேன்டீனில் நின்றவளுக்கு இரக்கம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். “அடுத்த வாரம் போப்பா. கோவா எங்கியும் ஓடிடாது” என்றேன்.

வெள்ளிக்கிழமை லீவு சார்ட் வந்தது. முதல் ஆளாகப் போய், பேனாவை அழுத்தி என் தேதியை எழுதினேன். பக்கத்தில் நின்ற மேனேஜர் எட்டிப் பார்த்தார். தீபாவளியை விட்டுவிட்டு இவள் ஏன் ஆறு நாள் தள்ளி எழுதுகிறாள் என்று அவருக்கு ஆச்சரியம்.

“ஃபேமிலி ஃபங்ஷனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை சார். வீட்டுக்காரர் போருக்குப் போகிறார். கச்சை கட்டி அனுப்ப வேண்டியது நான்தான்.”