நூற்று நாற்பத்திரண்டு பவுண்டு

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். போன அக்டோபர் 27ஆம் தேதி, எனக்கும் என் மனைவி மார்லிஸுக்கும் பட்டப்பகலில் நடந்தது இது. இரண்டு எடைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேதி, மணி எல்லாம் அச்சாகி இருக்கின்றன. எடைமேடைக்குக் கதை கட்டத் தெரியாது.

என் பெயர் ஓரின். மொன்டானாவில் ஒரு மர அறுவை ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். வசந்தத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். மார்லிஸுக்கு அரிசோனாவில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. தங்குவதற்குச் சொந்த டிரெய்லரோடு வர வேண்டும், நவம்பர் முதல் தேதிக்குள். எங்கள் வீட்டையும் அன்றிலிருந்து வாடகைக்கு விட்டாயிற்று. திரும்பி வரவும் வீடு இல்லை.

ஆகஸ்டில் லீலண்ட் என்பவரிடம் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கிற, சக்கரம் வைத்த சின்ன வீடு. சுத்தமாக இருந்தது. அதை இழுக்க என்னிடம் இருந்தது 1997ஆம் வருடத்துப் பிக்கப் வண்டி. அதைத் தயார் செய்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பின்னால் கனமான கொக்கி மாட்டினேன். மலை ஏறும்போது கியர் எண்ணெய் கொதிக்காமல் இருக்க, முன்னால் ஒரு குளிர்விப்பான் வைத்தேன். டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு. அதை ஓட்டுநர் இயக்க, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி பொருத்தினேன். காலால் பிரேக்கை அழுத்தினால், டிரெய்லர் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று அந்தப் பெட்டியில் சுழியத்திலிருந்து பத்துவரை எண் ஏறும். அவசரத்துக்குக் கையால் தள்ள ஒரு சின்ன நெம்புகோலும் உண்டு. கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துவிடும்.

எல்லாம் முடித்து டிரெய்லரை மாட்டினேன். பிக்கப்பின் பின்பக்கம் தரையை நோக்கித் தாழ்ந்தது. கணக்குப்படி தாழக் கூடாது.

காற்றுப் பைகள் வாங்கி ஸ்பிரிங்குக்குள் வைத்தேன். நிமிர்ந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் தாழ்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆத்திரத்தில் ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன்.

"இந்தக் கிழட்டு வண்டிக்கு நீ வாங்கிப் போட்ட சாமானையெல்லாம் அடுக்கினா, பக்கத்துல இன்னொரு வண்டியே நிக்கும்" என்றாள் மார்லிஸ்.

"வாயை மூடிக்கிட்டு அந்த டார்ச்சைப் பிடி."

புறப்படும் காலையில், சாமான்களை ஏற்றி முடித்ததும், ஊரில் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்தினேன். நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டோம். பிக்கப் 5610 பவுண்டு. டிரெய்லர் 3940. கச்சிதம். இரண்டு மாதத்தில் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தேன்.

வழியில் இருந்த மலைக் கணவாயில் ஏற ஆரம்பித்தபோது மணி 3.10. லேசாகப் பனி தூவியது.

3.17. டொக்... டொக்... டொக்...

பின்னாலிருந்து வந்தது. கொக்கி வழியாக இரும்பில் ஏறி வந்ததுபோல் இருந்தது.

"சத்தம் கேட்டுச்சா?" என்றாள் மார்லிஸ்.

"பாத்திரம் ஏதாவது உருண்டிருக்கும்."

3.22. மறுபடியும் மூன்று தட்டு. வண்டி சட்டென்று தயங்கியது. பிரேக் பெட்டியைப் பார்த்தேன். சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது. என் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது.

ஓரமாக நிறுத்தினேன். பனியில் மல்லாந்து படுத்து ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்தேன். விரல்கள் மரத்துப்போயின. எந்தப் பழுதும் இல்லை. அந்த ஒயர்களை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்.

மார்லிஸ் டிரெய்லருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஓரின், முன் ஜன்னல் திரைக்கு நான் துணி கிளிப் போட்டிருந்தேன்ல?"

"ஆமா."

"திரை திறந்து கிடக்கு. கிளிப் நாலும் ஜன்னல் கட்டையில வரிசையா இருக்கு."

"ஆட்டத்துல விழுந்திருக்கும்."

"வரிசையாவா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். பனி கூடிக்கொண்டிருந்தது.

உச்சியைத் தாண்டும்வரை தட்டும் சத்தம் எட்டு முறை கேட்டது. ஒவ்வொரு முறையும் எண் ஏறியது. 4... 5... 6. பின்னால் யாரோ எங்களை நிறுத்தப் பார்ப்பதுபோல் இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்துக்கு வந்தபோது 4.40. காலையில் இருந்ததுபோலவே டேங்கை நிரப்பினேன். அங்கே எடைமேடை இருந்தது. கண்ணாடி அறையில் போனி என்று பெயர் பொறித்த சட்டை போட்ட பெண். காலையில் செய்ததுபோலவே நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டோம்.

முதல் சீட்டு, 4.52. பிக்கப் சரி. டிரெய்லர் 4082.

நூற்று நாற்பத்திரண்டு பவுண்டு கூடுதல்.

வழியில் ஒரு தீப்பெட்டிகூட ஏற்றவில்லை. நான் கத்த ஆரம்பித்தேன். டிரெய்லரைத் திறந்து மெத்தையைத் தூக்கினேன், அலமாரியைத் திறந்தேன், தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். கூடுதலாக எதுவும் இல்லை. உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. அவ்வளவுதான்.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"இன்னொரு தடவை போடு" என்றேன் போனியிடம்.

இரண்டாவது சீட்டு, 5.06.

டிரெய்லர் 3940. சரியான எடை.

பிக்கப் 5752.

கழித்துப் பார்த்தேன். அதே 142.

"உங்க எடைமேடை கெட்டுப்போச்சு!" என்று கண்ணாடியைத் தட்டினேன். "வண்டியில ஒரு ஈ காக்கா இல்ல. எப்படி எடை கூடும்?"

போனிக்கும் கோபம் வந்துவிட்டது.

"காலையிலேர்ந்து நூறு லாரி ஏறி இறங்கியிருக்கு. ஒருத்தரும் குறை சொல்லல. வண்டியில ஆளை உக்கார வச்சுக்கிட்டு எங்கிட்ட கத்தாதீங்க. முதல்ல அந்தம்மாவை இறங்கச் சொல்லுங்க."

"எந்தம்மா?"

"நடு சீட்டுல இருக்காங்களே, அவங்கதான்."

மார்லிஸ் என் பக்கத்தில் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். பிக்கப்பில் யாரும் இல்லை.

போனியும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

நான் வண்டி அருகே போனேன். கதவைத் திறந்தேன்.

பிரேக் பெட்டியில் எண் 10.

நெம்புகோல் கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது.

கை பிடித்திருந்தால்தான் அப்படி நிற்கும்.

பார்த்துக்கொண்டே இருந்தேன்...

அது மெதுவாக... மிக மெதுவாக... பின்னால் வந்தது.

சுழியம்.

"ஏறு" என்றாள் மார்லிஸ். "நமக்குப் போக வேற இடம் இல்ல, ஓரின்."

மூன்று பேர் உட்காரும் நீளமான சீட்டு அது. அவள் கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். நடுவில் இடம் விட்டிருந்தோம். ஏன் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு தட்டும் சத்தமே இல்லை. பிரேக் தானாகப் பிடிக்கவில்லை. பின்பக்கம் தாழவில்லை. இரண்டு மாதம் என் உயிரை வாங்கிய வண்டி, அரிசோனாவரை வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. 30ஆம் தேதி மதியம் சேர்ந்தோம். மார்லிஸ் வேலையில் சேர்ந்தாள்.

ஜனவரியில்தான் லீலண்டின் புது போன் எண் கிடைத்தது. என் பெயரைச் சொன்னேன். அடுத்து நான் வாய் திறப்பதற்குள் அவராகவே கேட்டார்.

"கணவாய் வழியாவா போனீங்க?"

"ஆமா."

"தட்டினாளா?"

"எட்டுத் தடவை" என்றேன்.

லீலண்ட் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருடைய அக்கா வெர்னா. நான்கு வருடத்துக்கு முன் அவரோடு அந்த வழியில் வந்திருக்கிறாள். தலைவலி என்று டிரெய்லருக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஓடும் டிரெய்லரில் ஆள் இருக்கக் கூடாது. சின்ன தூரம்தானே என்று விட்டுவிட்டார். ஏற்றத்தில் அவளுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. முன் சுவரைத் தட்டியிருக்கிறாள். இவர் ரேடியோ கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார். மலை இறங்கி நிறுத்தித் திறந்தபோது, முன் ஜன்னலுக்குக் கீழே கிடந்தாளாம். திரையைக் கையில் பிடித்தபடி.

"நானும் ஸ்பிரிங் மாத்தினேன், பிரேக் மாத்தினேன். மூணு வருஷம் தட்டிக்கிட்டே இருந்தா. பயத்துல நான் ஒரு தடவைகூட நிறுத்தல. நீங்க?"

"நிறுத்தினோம். டிரெய்லர் கதவையும் திறந்து வச்சேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. போயிட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"போகமாட்டா" என்றார். "அவ இறங்கறதுக்குத் தட்டலங்க. எங்கூட முன்னாடி வந்து உக்காரணும்னுதான் தட்டினா."