இறங்குதுறைக்கு வராத கடல்

யுத்தத்துக்கு முன், கொழும்பில் பயிற்சி முடித்து அனலைதீவில் மருத்துவிச்சியாக நான் வேலை பார்த்த காலத்தில் நடந்தது இது. தேர்தலில் வென்ற எங்கள் பிரதிநிதி, தான் கட்டுவித்த இறங்குதுறையைப் பார்க்க அன்று வந்திருந்தார். துறை நீளம் போதாது. கடல் வற்றினால் வள்ளம் அதன் அருகே வராது. அவருக்கு அது தெரியாது. கிராமச் சங்கத் தலைவர், கடல் பெருகியிருக்கும் நேரம் பார்த்தே அவரை அழைத்து வந்திருந்தார்.

அன்று காலை வலி கண்ட ஒரு பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. கடலுக்கு அப்பால் இருந்த ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. காற்று விழுந்துவிட்டதால் பாய்த்தோணி நகராது. பிரதிநிதியின் மோட்டார் வள்ளம் ஒன்றுதான் வழி.

பிரதிநிதியை வரவேற்கக் கூடியிருந்த கூட்டத்துக்கு ஓடினேன். பேச்சுகள் நீண்டதில் கடல் வற்றிவிட்டிருந்தது.

“பொறும் பிள்ளை, ஐயா கதைக்கிறார்” என்று தலைவர் என்னைத் தடுத்தார்.

பொறுக்க நேரமில்லை. பிரதிநிதியின் முன்னால் போய் மூன்றே விஷயம் சொன்னேன். ஒரு தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருடைய வள்ளம் வேண்டும். தூக்க நாலு பேர் வேண்டும். கடல் வற்றிவிட்டதால் துறையில் வைத்து ஏற்ற ஏலாது.

“ஏன் ஏலாது? நான் கட்டித் தந்த துறையெல்லோ?” என்றார் அவர், முகம் சிவந்து.

மீன் கடகத்தோடு நின்ற ஒரு அக்கா முந்திக்கொண்டார். “கட்டினது வடிவாத்தான் இருக்கு ஐயா. கடலுக்குத்தான் அங்கை வர மனமில்லை.”

கூட்டம் சிரித்தது. அவர் பேச்சை விட்டுவிட்டுக் கரைக்கு நடந்தார். வள்ளம் சேற்றுக்கு அப்பால், தூரத்தில் நின்றது. அந்தப் பெண்ணைக் கதிரையில் இருத்தித் தூக்கி வந்தார்கள். தண்ணீரில் இறங்கியதும் ஒருவர் கால் புதைந்து கதிரை சரிந்தது. பிரதிநிதி வேட்டியோடு பாய்ந்து அதைத் தாங்கிப் பிடித்தார்.

“இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?” என்று தலைவரைப் பார்த்துக் கத்தினார்.

தலைவர் கதிரையின் மறுபக்கத்தைப் பிடிக்கக் குனிந்தார். கதிரையில் இருந்தவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “நீங்கள் கேக்கேல்லையே, ஐயா.”

அன்று பின்னேரம் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில், தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டர் வந்து சொன்னார். நனைந்த வேட்டியோடு வாசலில் காத்திருந்த பிரதிநிதி, துறையை நீட்டித் தருவதாகச் சொன்னார். அடுத்த சோழகக் காற்றுக் காலத்துக்கு முன் செய்தும் தந்தார்.

நாங்கள் தெரிந்தெடுத்தவர் கேட்காவிட்டாலும், உள்ளதை நாங்களாகவே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் வாய் மூடியிருந்ததற்கு அந்தத் தாயும் பிள்ளையும் விலை கொடுக்காமல் தப்பியது இன்றும் எனக்குப் பெரிய ஆறுதல்.