செங்கல்வராயன் பிடித்த தண்ணீர்

கங்காதர நெல்லூர் பக்கத்துச் செங்கல்வராயன் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தான். ஆனால் தண்ணீர் சோதனையில் சொட்டுச் சொட்டாக மருந்து விடும்போது நீலத் தண்ணீர் ஒரே சொட்டில் வெளுக்கிறதே, அந்த நொடியைப் பிடிக்க சித்தூர் ஜில்லாவிலேயே அவன் கண்ணுக்கு ஈடு கிடையாது. அடித்துச் சொல்லலாம். எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் இரண்டு சொட்டு தாண்டவிட்டு முழிப்பார்கள். இவனா, சொட்டு நுனியில் தொங்கும்போதே "நிறுத்து" என்பான்.

எண்பத்தெட்டில் திருப்பதியில் ஒரு தண்ணீர் சோதனைக் கூடத்துக்குக் கண்ணாடிச் சாமான் கழுவப் போனவன் அவன். உட்கார வைத்து யாரும் சொல்லித்தரவில்லை. கழுவிக்கொண்டே பார்த்தான், பார்த்தே கற்றான். அங்கே கெமிஸ்ட், புத்தூர்க்காரன் தாமோதரன். இருவருக்கும் ஒரே வயது. மருந்துச் சொட்டு விடும் கண்ணாடிக் குழாயை, அந்தப் பியூரெட்டைத் தாமோதரன் திருகுவான், நிறத்தைச் செங்கல்வராயன் பார்ப்பான், அளவைத் தாமோதரன் எழுதுவான். மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பாடு. ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

இங்கிலீஷ் எழுத்து மட்டும் செங்கல்வராயனுக்கு வராது. எந்த ஊரில் தண்ணீர் பிடித்தாலும் பாட்டிலில் நம்பர் போட்டுக் கொண்டுவருவான். ஊர்ப் பெயரைத் தாமோதரன் எழுதி ஒட்டுவான். கூட்டாளிதானே என்று அதை ஒரு நாளும் அவன் பெரிதாக நினைத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக்கு மாம்பழக்கூழ் அனுப்பும் கம்பெனிகள் முளைத்தன. ஒன்று செங்கல்வராயனின் சொந்த ஊர் ஏரிக்கு மேலேயே வந்தது. தொண்ணூற்றேழு சீசனில் அதன் கழிவு இறங்கி ஏரி புளித்து நாறியது, மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஊரார் கலெக்டருக்கு மனு கொடுத்தார்கள். தண்ணீரைச் சோதிக்க உத்தரவு வந்தது. ரிப்போர்ட் சொல்வதுதான் தீர்ப்பு. தண்ணீர் பிடிக்க வந்தவன் நம் ஆள் என்றதும் ஊருக்குத் தெம்பு வந்துவிட்டது.

காலையில் ஏரியில் இறங்கி, ஒரு குமிழிகூட நிற்காமல் பாட்டிலை நிரப்பினான். கரையிலேயே சோதனை மருந்து இரண்டையும் விட்டு மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டினான். வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தது.

தாய்மாமன் முனிரத்தினம் குனிந்து பார்த்தார். "இன்னாடா இது, சுண்ணாம்பு மாரி கீது?"

"தண்ணியில மூச்சு இருந்தா பழுப்பாவும் மாமா. வெள்ளையா நின்னா தண்ணி செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்போ கேஸு நம்ம பக்கம்தானே?"

"நான் புடிச்ச தண்ணி மாமா. பொய் சொல்லாது."

மத்தியானம் பாட்டில்கள் தாமோதரன் கைக்குப் போயின. "வெயில்ல அலைஞ்சிட்டு வந்துகீற, வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றான் தாமோதரன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நிறத்தைப் பார்க்காமல் செங்கல்வராயன் வீட்டுக்குப் போனான்.

இருபதாம் நாள் முனிரத்தினம் திருப்பதிக்கே வந்து, சோதனைக் கூடத்து கேட்டில் நின்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

"தண்ணியில மூச்சு ஆறு பாயிண்டு ரெண்டாம். மீனு வாழுற தண்ணியாம். படிச்சவங்கிட்ட காட்டிட்டுதான் வரேன். தண்ணி புடிச்சது யாருன்னும் போட்டுகீது, உன் பேரு! எத்தினி பொட்டி மாம்பழம்டா வாங்கித் துன்ன?"

வெள்ளை படிந்த தண்ணீரில் ஆறு எப்படி வரும்? செங்கல்வராயன் நேராக உள்ளே போனான்.

"என் பாட்டிலு எங்க தாமோதரா?"

தாமோதரன் தலை நிமிரவில்லை. "அன்னிக்கு கல்யாணி டேம் நல்ல தண்ணி பாட்டிலும் இருந்துது. அதுமேல உங்க ஊரு பேரை எழுதிட்டேன். துபாய்ல ஒரு லேப்ல எனக்கு வேலை கெடைச்சிகீது. கம்பெனிக்காரங்கதான் அனுப்பிவெக்கறாங்க."

"நீ போ. என் பேரை எதுக்குப் போட்ட?"

"உன் பேரு இருந்தாதானே உங்க ஊரு வாயத் தொறக்காது."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஒரே டப்பாவில் தின்றவன், இவன் நாணயத்தை அளந்து பார்த்துத்தான் விற்றிருக்கிறான்.

மறுநாள் முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனான். வாசலில் மனு எழுதுகிறவரிடம், அந்தத் தண்ணீர் நான் பிடித்தது அல்ல என்று சொல்லிச் சொல்லி எழுதவைத்தான். விஷயம் அதற்குள் சோதனைக் கூடத்து மேலதிகாரி காதுக்குப் போயிருந்தது. "பாகா, நல்லா ஆலோசிஞ்சுக்கோ. கெமிஸ்ட் மேல அட்டெண்டர் புகார் குடுத்தா யாரு வேலை போவும்?" என்று கலெக்டர் ஆபீஸ் போனுக்கே கூப்பிட்டுக் கேட்டார்.

"என்து போவட்டும் சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். சொன்னபடியே போனது.

மறுபடி தண்ணீர் பிடிக்க ஏழு மாதம் ஆனது. சோதித்தார்கள், ஊர் ஜெயித்தது. கழிவைச் சுத்தம் பண்ணாமல் விடக்கூடாது என்று கம்பெனிக்கு உத்தரவு போனது. முனிரத்தினம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "தப்பா பேசிட்டேன்டா, மனசுல வெச்சிக்காத" என்றார்.

"நீ பேசினது எப்பவோ மறந்துபோச்சு மாமா" என்றான் செங்கல்வராயன். தாமோதரன் துபாய் போய் அப்போது மூன்று மாதம். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தான்.