சிக்னல் கம்பியில் சுரைக்கொடி

செங்கல்பட்டு ஸ்டேஷனில் நான் சிக்னல் மேஸ்திரியாக இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு நாள், காலை பாசஞ்சர் ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் சிக்னலுக்கு வெளியே நின்று கூவிக்கொண்டே இருந்தது. கேபின்காரர் லீவரை இழுக்கிறார், சிக்னல் கை இறங்கவில்லை. ஸ்பானரோடு ஓடினேன்.

கொளவாய் ஏரிப் பக்கம், குவார்ட்டர்ஸ் பின்னால், லீவரிலிருந்து சிக்னலுக்குக் கம்பி ஓடும் கப்பியில் ஒரு கயிறு முடிச்சோடு சிக்கியிருந்தது. மறுமுனையில் சுரைக்கொடி. கேங்மேன் மனைவி குப்பம்மாள் விடிந்ததும் கட்டியது.

“சும்மா கெடக்கிற கம்பின்னு நெனச்சேன் அண்ணாத்த.”

ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள் சொல்கிற பேச்சா இது? கயிற்றை அறுத்தேன். வண்டி வந்தது. பின்னாலேயே சிக்னல் இன்ஸ்பெக்டரும் வந்தார்.

“நாளைக்குள்ள இங்க ஒரு செடி இருக்கக் கூடாது, மேஸ்திரி. எல்லாத்தையும் புடுங்கிடு.”

எல்லாம் என்றால் குவார்ட்டர்ஸ் பெண்கள் கம்பியோரம் போட்டிருந்த கீரை, கத்தரி, அவரை. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸில் பாதி வீட்டுக் குழம்பு அந்த மண்ணிலிருந்துதான் வந்தது, என் வீட்டுக் குழம்பும் சேர்த்து.

குப்பம்மாள் அழவில்லை. “புடுங்கு. புள்ளைங்களுக்கு இன்னாத்த ஊத்தறதுன்னு அந்த இன்ஸ்பெக்டரையே கேட்டுகினு வா.”

இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன். “கொடி ஏற எடமில்ல சார், அதான் கம்பியப் புடிச்சுது. தள்ளி சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டுடறோம். தெனம் காலைல நானே கம்பியோட நடந்து பாக்கறேன்.”

“இன்னொரு வண்டி நின்னா உன் வேலை போயிடும்யா.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டேன்.

பந்தல் எழுந்தது. சுரைக்கொடிக்குக் காவலாக நடக்க ஆரம்பித்தவன், காய்ந்த கப்பிக்கு எண்ணெய் விட்டேன், துருப்பிடித்த ஆணியை மாற்றினேன். பார்த்துப் பார்த்துப் பெண்களுக்கும் கம்பி பழகிவிட்டது. ஒரு மழைக்காலக் காலையில், கீரை பறித்துக்கொண்டிருந்த குப்பம்மாள் மடியில் கீரையோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“அண்ணாத்த, உன் கம்பி தொங்கிகினு கீது.”

அறுந்திருந்தது. பாசஞ்சர் வருவதற்குள் இணைத்துவிட்டேன். விஷயம் தெரிந்த இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் வந்த தன் டிராலியை நிறுத்தித் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இதுல யாரும் கை வெக்காதீங்க” என்றார்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊருக்குள் வெறுமனே கிடக்கும் இடத்தில் நாலு செடி போட்டால் காய் மட்டும் கிடைப்பதில்லை. அந்த இடத்தைத் தினமும் பார்க்க ஆளும் கிடைக்கிறது. சம்பளமில்லாமல் அவ்வளவு கண்களை எந்த ஆபீஸும் எனக்குத் தந்ததில்லை.