ஓடு இறைத்த கொல்லை

பானை ஓடே இல்லாத ஒரு கொல்லையில் ஒரு சாக்கு ஓட்டைக் கொட்டி, அது பழங்கால மக்கள் வாழ்ந்த இடம் என்று அரசை நம்பவைத்தவன் நான். தொல்லியல் துறையில் அதிகாரியாக இருந்தேன். மண்ணுக்குள் இருப்பதை உள்ளபடி எடுத்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்கினேன்.

உண்மையான மேடு ஒன்று இருந்தது. அரியலூருக்கு அருகே, ஓர் ஓடைக்கு அப்பால், சீமைக்கருவேலம் மண்டிய இடம். மழை பெய்து மேல்மண் அரித்தால் முதுமக்கள் தாழிகளின் வாய்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கத் துறை ஒப்புக்கொண்டது. சென்னையிலிருந்து உயர் அதிகாரி வந்து நீலப் பலகையைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் நல்ல மழை. பலகையும் தூண்களும் ஏற்றி வந்த டிராக்டர் ஓடைக்கு இந்தப் பக்கமே கரிசலில் அச்சுவரை புதைந்துவிட்டது.

"சார், இங்கயே நட்டுடுவோம். பெரிய ஐயா ஷூ நனையாம பாத்துட்டுப் போயிடட்டும். காஞ்சதும் பேத்து அந்தாண்ட நட்டுக்கலாம்" என்றார் டிராக்டர்காரர்.

யோசனை அவருடையது, அதிகாரம் என்னுடையது. பலகை மட்டும் நின்றால் போதாது, பெரியவர் குனிந்தால் கண்ணில் ஏதாவது பட வேண்டுமே என்று தோன்றியது. ஆட்களை ஓடை தாண்டி அனுப்பி, மேட்டிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கறுப்பு சிவப்பு ஓடுகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். கடலை விதைப்பவனைப் போல நானே கைவீசி இறைத்தேன். மறுநாள் உயர் அதிகாரி வந்தார், குனிந்தார், ஒன்றை எடுத்தார், "அடடா" என்றார். படம் எடுத்துக்கொண்டார்கள்.

மண் காய்ந்தது. பலகையைப் பெயர்க்கவில்லை. பெயர்க்க வேண்டுமானால் ஒரு கோப்பு திறந்து அதில் காரணம் எழுத வேண்டும். அதைவிட, அரசாணைக்கு அனுப்பும் குறிப்பில் பலகை நின்ற இடத்தின் சர்வே எண்ணை எழுதிவிடுவது எளிதாக இருந்தது. எழுதினேன்.

கொல்லை என்று எங்கள் பக்கம் சொல்வது மானாவாரி நிலத்தை. அந்தக் கொல்லைக்கு ஓர் உடையவர் இருந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிவேலை செய்த குடும்பம். அவருடைய அப்பா பாடுபட்டு வாங்கிய முதல் நிலம் அது. மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு வந்தார். அதிலேயே ஒரு வீடு கட்டிக் குடிவர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கடைக்கால் தோண்டத் தொடங்கிய அன்றே கிராம நிர்வாக அலுவலர் பலகையைக் காட்டி நிறுத்திவிட்டார். கணவனும் மனைவியும் என் ஆபீசுக்கு வந்தார்கள்.

"எங்கப்பா வாங்கனப்ப சுண்ணாம்புக் கல்லுதான் சார் கெடந்துச்சு. பானையே கெடையாது."

"மேலே தெரியாதுங்க. உழ உழத்தான் வெளியே வரும்" என்றேன்.

"நாங்க உழுவாததா?" என்றார் அந்த அம்மா. "எங்க ஏருக்கு வராதது ஒங்க போர்டு வந்த அன்னிக்கு மொளச்சிருச்சாக்கும்."

நான் அவருக்கு மேற்பரப்புத் தொல்பொருள்கள் பற்றி விளக்கம் கொடுத்தேன். தெளிவான விளக்கம். அதில் ஒரு பிழையும் இல்லை, அந்தக் கொல்லைக்குப் பொருந்தாது என்பதைத் தவிர.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் வந்தார்கள். நான் இறைத்த ஓடுகளைக் கட்டம் போட்டு எண்ணிக் குறித்துக்கொண்டு, கிடந்தபடியே விட்டுப்போனார்கள். ஒருவர் அதை வைத்தே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். ஓடுகள் பலகையைச் சுற்றித்தான் அடர்த்தியாகக் கிடக்கின்றன, ஆகவே குடியிருப்பின் நடுப்பகுதி அதுவே என்பது அவருடைய முடிவு. தேர்வாளர் நான். "பாராட்டத்தக்க கூர்நோக்கு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஓடைக்கு அப்பால் பலகை இல்லாததால் கேட்பாரும் இல்லை. ஒரு சிமெண்ட் கம்பெனி அந்தப் பக்கம் முழுவதையும் வாங்கிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் வெட்டியது. தாழிகள் டிப்பரில் போயின. இன்று அங்கே போய் நின்றால் வெள்ளைப் பள்ளம்தான் தெரியும். மேடு இருந்த இடம் ஆகாயத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்றுப் பெரம்பலூரில் குடியிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் அந்தக் கொல்லைக்காரரைப் பார்த்தேன். வீடு கட்டியாயிற்றா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எங்க சார்! போர்டு மட்டும் நல்லாருக்கு. அப்பப்ப வந்து பெயிண்ட் அடிச்சிட்டுப் போறாங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த நற்செய்தியைப் போலச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

நடந்ததையெல்லாம் எழுதித் துறைக்கு அனுப்பினேன். அப்போதைய அதிகாரி என்னிடம் பயிற்சி பெற்றவர். போன் செய்து, "சார், ராத்திரி தூக்கமெல்லாம் சரியா வருதுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் விடவில்லை. ஒரு சோதனைக்குழி போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார்கள். உழுத மண்ணுக்குக் கீழே கல்லாகிப்போன கடற்சிப்பிகள், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மனிதத் தடம் ஒன்றும் இல்லை. ஒன்றும் கிடைக்காததற்காக நான் மகிழ்ந்த ஒரே குழி அது. அறிக்கையைத் திருத்திக் கொடுத்தவனும் நான். கல் எவ்வளவு மேலாக இருக்கிறது என்பதையும் மறக்காமல் சேர்த்தேன்.

குழிக்கரையில் வைத்துக் கணவன் மனைவி இருவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப இத்தன வருசமா ஒங்க குப்பைக்குத்தான் நாங்க காவ காத்தோமா சார்?" என்றார் அந்த அம்மா.

"சும்மாரு. இப்பவாச்சும் சொன்னாரே" என்றார் அவர்.

அரசாணை ரத்தானது. பலகையைப் பிடுங்கி வரப்பில் சாய்த்துவிட்டுப் போனார்கள். கடைக்கால் போட்ட அன்று முதல் கல்லை என்னை வைக்கச் சொன்னார் அவர். வைத்தேன்.

சுவர் எழும்புவதற்குள் கம்பெனியின் சர்வேயர்கள் வந்துவிட்டார்கள். சுரங்கம் இத்தனை நாள் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் பலகை. வாழ்நாள் முழுதும் வரைபடம் பார்த்த எனக்கு அது உறைக்கவில்லை.

கொல்லைக்காரர் பெரம்பலூருக்கு என் வீடு தேடி வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், அந்த ஓடு இன்னொரு சாக்கு கெடைக்குமா?"

மேடே இல்லை, ஓட்டுக்கு எங்கே போவது? ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. "பொய் வேண்டாங்க. சுரங்கத்துக்கு அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பாங்க, அதுல நானே வந்து உண்மையச் சொல்றேன்" என்றேன்.

சொல்வதற்கு உண்மை இருந்தது. அழிந்துபோன மேட்டில் மிஞ்சியவை அந்தக் கொல்லையில் கிடக்கும் ஓடுகள் மட்டும்தான். அதனாலேயே அதைக் காப்பாற்ற வேண்டும். ஷாமியானா பந்தலில் மைக்கைப் பிடித்து அதைச் சொன்னேன். கம்பெனி தரப்பில் ஓர் இளைஞர் எழுந்தார், என்னைக் கும்பிட்டார், ஒரு கடிதத்தைப் படித்தார். "இந்நிலத்தில் தொல்பொருள் ஏதும் இல்லை. கிடந்தவை என் கையால் இறைக்கப்பட்டவை."

"கையெழுத்து ஒங்களுதுங்களா ஐயா?"

"என்னுதுதான்."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். என் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தேன்.

சுற்றிலும் வெட்டினார்கள். கொல்லைக்குப் போகும் பாதை அறுந்தது, பாதி எழும்பியிருந்த சுவர் சுரங்க வெடியில் விரிசல் விட்டது. அவர் நிலத்தைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். மனைவியின் ஊரான திருமானூர்ப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். சென்ற மாதம் போயிருந்தேன். ஆட்டுப்பட்டிக்குக் கதவாக நின்றது நீலப் பலகை. சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்ற வரியை ஓர் ஆடு முகர்ந்துகொண்டிருந்தது. அவர் வயலுக்குப் போயிருந்தார்.

டீ கொடுத்த அந்த அம்மா, மாடக்குழியிலிருந்து ஒரு கை ஓடுகளை எடுத்து நீட்டினார். கொல்லையை விட்டுக் கிளம்பும்போது பொறுக்கியவையாம்.

"எடுத்துட்டுப் போங்க சார். ஒங்களுதுதானே."

"இங்கேயே இருக்கட்டும்மா" என்றேன்.

"ஐயய்யோ, வேணாம் சார். இந்த வூட்டுக்கும் யாராச்சும் போர்டு வச்சிடுவாங்க."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.